நாடுகடத்தப்பட்டவரின் மகன் கட்டிய வீடு: புளோரன்ஸின் ஸ்ட்ரோட்சி அரண்மனை

1489 ஆகஸ்ட் 6, விடியற்காலை. புளோரன்ஸ் நகரத்தின் நடுவில் பல வீடுகளை இடித்து வெட்டிய பெரிய பள்ளத்தின் விளிம்பில் ஃபிலிப்போ ஸ்ட்ரோட்சி என்ற வங்கியாளர் நிற்கிறார். வயது 61. சோதிடம் பார்த்துக் குறித்த நேரம் அது. முதல் கல் இறங்குகிறது.

அந்த வழியாகப் போன த்ரிபால்தோ தெ ரோஸ்ஸி என்ற நகரவாசியை ஃபிலிப்போ அழைத்து, "நீங்களும் ஒரு கல் போடுங்கள்" என்கிறார். த்ரிபால்தோ கல்லோடு ஒரு காசையும் போட்டுவிட்டு, வீட்டுக்கு ஆள் அனுப்பித் தன் பிள்ளைகளைப் புத்தாடை உடுத்தி வரவழைக்கிறார். மகன் குவார்னியேரிக்கு நான்கு வயது முடிந்து இரண்டே நாள். அவனைத் தூக்கிப் பிடித்து, ஒரு காசும் ஒரு கொத்து ரோஜாவும் பள்ளத்துக்குள் போட வைக்கிறார். "இதை ஞாபகம் வைத்துக்கொள்வாயா?" என்று கேட்டதையும், "வைத்துக்கொள்வேன்" என்று பிள்ளை சொன்னதையும் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு தனியார் வீட்டு அடிக்கல்லுக்கு, சம்பந்தமே இல்லாத ஓர் ஊர்க்காரர் ஏன் இப்படி நெகிழ வேண்டும்? அன்றைய புளோரன்ஸில் இது வெறும் வீட்டு வேலை என்று யாரும் நினைக்கவில்லை. 55 ஆண்டுகளுக்கு முன்னால் அந்த ஊர் துரத்தியடித்த குடும்பம் அது. துரத்தியவர்கள் இன்னும் அதிகாரத்தில்தான் இருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே, அவர்கள் வீட்டைவிடப் பெரிதாக ஒரு வீடு எழும்பப் போகிறது.

இன்று 'பலாட்சோ ஸ்ட்ரோட்சி' என்று வழிகாட்டிகள் காட்டும் கட்டடம் இதுதான். மறுமலர்ச்சிக் காலக் கட்டடக்கலைக்கு உதாரணமாகப் பாடப் புத்தகங்களில் வருவது. எனக்கு அதன் கட்டடக்கலையைவிட, அதைக் கட்டியே தீர வேண்டும் என்று ஒரு மனிதருக்கு ஏன் தோன்றியது, கட்டியதால் அந்தக் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது என்பதுதான் சுவாரசியம்.

15ஆம் நூற்றாண்டு புளோரன்ஸ் பெயரளவில் குடியரசு. அரசர் கிடையாது; தகுதி பெற்ற குடிமக்களின் பெயர்களைப் பைகளில் போட்டுச் சீட்டெடுத்துப் பதவிகளை நிரப்புவார்கள். சீட்டுப் பையில் யார் பெயர் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறவர்தான் உண்மையான ஆட்சியாளர். அதோடு வரி. யாருக்கு எவ்வளவு வரி என்று நிர்ணயிக்கும் குழு நினைத்தால் ஒரு குடும்பத்தை ஒரே தலைமுறையில் ஓட்டாண்டி ஆக்கிவிடலாம். 1427இல் நகரம் முழுக்கச் சொத்துக் கணக்கு எடுத்தபோது, ஊரிலேயே பெரும் பணக்காரர் பல்லா ஸ்ட்ரோட்சி. உஃபிட்சி அருங்காட்சியகத்தில் தங்கமாகப் பளபளக்கும், ஜென்டிலே தா ஃபாப்ரியானோ வரைந்த 'மூன்று ஞானிகளின் வணக்கம்' ஓவியத்துக்குக் காசு கொடுத்தவர் அவர்தான்.

1434இல் ஊரின் இன்னொரு பெரிய வங்கிக் குடும்பத்தின் தலைவர் கோசிமோ மெடிசி நாடுகடத்தலிலிருந்து திரும்பி வந்து அதிகாரத்தைப் பிடித்தார். வந்ததும் எதிர்க்கட்சிக்காரர்களை ஊரைவிட்டு அனுப்பினார். பல்லா பாதுவாவுக்குப் போனார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அங்கேயே இருந்து, 1462இல் அங்கேயே செத்தார். அதே பட்டியலில் அவருடைய உறவினர் மத்தேயோ ஸ்ட்ரோட்சியும் இருந்தார். மத்தேயோ பல்லா அளவுக்குப் பணக்காரர் அல்ல. பெரிய அரசியல்வாதியும் அல்ல. குடும்பப் பெயரே போதுமான குற்றமாக இருந்தது. மனைவி அலெஸ்ஸாந்த்ராவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பேசாரோவுக்குப் போனார். சீக்கிரமே அங்கே கொள்ளைநோய் வந்து, மத்தேயோவும் மூன்று பிள்ளைகளும் போய்விட்டார்கள்.

இந்தக் கதையில் நான் அதிகம் மதிப்பது அலெஸ்ஸாந்த்ரா மாச்சிங்கியைத்தான். முப்பதைக்கூடத் தொடாத விதவை, மிஞ்சிய குழந்தைகளோடு புளோரன்ஸுக்குத் திரும்பினார். மறுமணம் செய்யவில்லை. மகன்கள் தலையெடுத்ததும் ஒவ்வொருவராக வெளியூரில் தொழில் செய்துகொண்டிருந்த அப்பா வழி உறவினர்களிடம் அனுப்பினார். மூத்தவர் ஃபிலிப்போ நேப்பிள்ஸுக்குப் போய்ச் சேர்ந்தார். அடுத்தவர் லோரென்சோ ப்ரூஜ் நகரத்துக்கு. அவர்களுக்கு இந்த அம்மா எழுதிய கடிதங்களில் 73 இன்றும் இருக்கின்றன. 1447 முதல் 1470 வரையிலான கடிதங்கள்.

அவற்றைப் படித்தால் ஒரு குடும்பம் எப்படி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று தெரியும். வரி கட்ட நிலத்தை விற்ற கணக்கு இருக்கும். ஊரில் யார் கை ஓங்குகிறது என்ற தகவல் இருக்கும். கடிதம் வேறு யார் கையிலாவது சிக்கினால் ஆபத்து என்பதால் பெயர்களுக்குப் பதில் எண்களைப் போட்டிருப்பார். மகள் கத்தரீனாவைப் பட்டு வியாபாரி மார்கோ பாரெந்திக்குக் கொடுத்தது பற்றிய 1447ஆம் ஆண்டுக் கடிதம் எந்த ஊர் அம்மாவும் எழுதியிருக்கக்கூடியது. வரதட்சணை 1,000 ஃப்ளோரின். இன்னும் பெரிய இடமென்றால் 1,400, 1,500 கேட்பார்கள், நம்மால் முடியாது, இந்தப் பையன் நல்லவன், ஒரே மகன் என்று பிள்ளைக்கு விளக்குகிறார். ஒரு ஃப்ளோரின் காசில் சுமார் மூன்றரை கிராம் தங்கம். நம் கணக்கில் 1,000 ஃப்ளோரின் என்பது ஏறக்குறைய 440 சவரன். நொடித்துப்போன குடும்பம் கொடுத்த வரதட்சணை இது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1458இல் நிலைமை மோசமானது. அப்பா மீதிருந்த தண்டனையை மகன்கள் மீதும் நீட்டித்தார்கள். அப்பா நாடுகடத்தப்பட்டபோது ஆறு வயதுப் பையனாக இருந்த ஃபிலிப்போவுக்கு இப்போது முப்பது வயது. சொந்த ஊருக்குள் காலடி வைக்க முடியாது. அடுத்த ஆண்டு கடைசித் தம்பி மத்தேயோ நேப்பிள்ஸில் காய்ச்சலில் இறந்தபோது, அம்மாவால் மகன் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை.

தடை இருந்தது, பணம் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. நேப்பிள்ஸ் மன்னர் ஃபெர்ரான்தேயின் நம்பிக்கைக்குரிய வங்கியாளராக ஃபிலிப்போ உயர்ந்தார். மெடிசிகளுக்கு மன்னரின் தயவு தேவைப்பட்டது. மன்னருக்கு ஃபிலிப்போவின் பணம் தேவைப்பட்டது. இந்த முக்கோணத்தில்தான் கதவு திறந்தது. 1466இல் கோசிமோவின் மகன் பியரோ மெடிசி தடையை நீக்கினார். அதற்கு முந்தைய ஆண்டே அம்மா பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார். அதிமாரி வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதற்கென்றே விடியற்காலைப் பூசைக்குத் தேவாலயம் போனதையும், அங்கே பக்கத்தில் இருந்த வேறொரு பெண்ணை, தனாலி வீட்டுப் பெண்ணை, யாரென்று தெரியாமலே நோட்டம் விட்டதையும் மகனுக்கு எழுதியிருக்கிறார். கடைசியில் அதிமாரி வீட்டுப் பெண்தான் ஃபிலிப்போவின் முதல் மனைவி ஆனார்; பெயர் ஃபியாமெத்தா. மகன்கள் திரும்பி வந்ததைப் பார்த்துவிட்டு 1471இல் அலெஸ்ஸாந்த்ரா கண்ணை மூடினார்.

திரும்பி வந்த ஃபிலிப்போ உடனே அரண்மனை கட்டவில்லை. இருபது வருடத்துக்கு மேல் காத்திருந்தார். 1474 முதலே அக்கம்பக்கத்து வீடுகளையும் மனைகளையும் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். ஒருவேளை இதுதான் அந்தத் திட்டத்தின் கடினமான பகுதி. இடைக்கால நகரத்தின் நடுவில், நான்கு பக்கமும் எதனோடும் ஒட்டாமல் தனித்து நிற்கும் வீடு வேண்டுமென்றால் ஒரு தொகுதியையே விலைக்கு வாங்க வேண்டும். ஊரின் பெரிய குடும்பங்களில் பலவும் பக்கத்து வீட்டோடு சுவர் பகிர்ந்துகொண்டுதான் வாழ்ந்தன. 1489இல் காலி மனையில் புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு நாற்பது ஆண்டு வரிவிலக்கு என்று நகரம் சட்டம் போட்டது. அதற்குள் ஃபிலிப்போ எல்லாம் தயாராக வைத்திருந்தார்.

ஒரே சிக்கல், லோரென்சோ மெடிசி. பியரோவின் மகன், ஊரின் உண்மையான எஜமானர். அவர் முகம் சுளித்தால் அரண்மனை இல்லை. வேறு ஏதாவதும் நடக்கலாம். இந்தச் சிக்கலை ஃபிலிப்போ எப்படிக் கடந்தார் என்பதை அவருடைய மகன் ஒருவர் பிற்காலத்தில் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. எனக்குப் பெரிய வீடெல்லாம் வேண்டாம், பிள்ளைகள் அதிகம், தங்குவதற்கு வசதியாக ஒன்று போதும், கீழே கடைகள் வைத்தால் வாடகையும் வரும் என்று ஃபிலிப்போ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம். வரைபடம் லோரென்சோவின் பார்வைக்குப் போனது. நகரம் அழகாக வேண்டும் என்பதில் ஆசை கொண்ட லோரென்சோ, "இந்த இடத்தில் கடையா? முகப்பை இன்னும் கம்பீரமாகச் செய்யுங்கள்" என்றாராம். ஃபிலிப்போ தயங்கினார், செலவைச் சொல்லிப் புலம்பினார், வேண்டா வெறுப்பாக ஒத்துக்கொண்டார். அதாவது, தான் முதலிலிருந்தே கட்ட நினைத்ததையே லோரென்சோவின் யோசனையாக மாற்றிவிட்டார்.

மகன் எழுதிய கதை, கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். ஆனால் அரசியலை அது சரியாகச் சொல்கிறது. மெடிசிகளின் சொந்த வீடு, 1444இல் மிக்கெலோட்சோ தொடங்கியது, நடந்தே போய்விடும் தூரத்தில்தான் இருந்தது. மூன்று அடுக்கு முகப்பு, அடுக்கடுக்காக மேலே போகப் போக மிருதுவாகும் கல், உச்சியில் பெரிய கார்னிஸ் (சுவரின் உச்சியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு) என்று அந்த வீடு வகுத்துக் கொடுத்த இலக்கணத்தையே ஸ்ட்ரோட்சி அரண்மனை அப்படியே எடுத்துக்கொண்டு, அளவில் மிஞ்சியது. எதிரியின் பாணியிலேயே எதிரியைவிடப் பெரிதாகக் கட்டுவது. கொண்டாட்டமாகவும் எடுத்துக்கொள்ளலாம், சவாலாகவும் எடுத்துக்கொள்ளலாம். யாரும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது.

வேலை தொடங்கியதும் அக்கம்பக்கத்தார் பாடு திண்டாட்டமானது. எதிரே மருந்துக்கடை வைத்திருந்த லூக்கா லாந்தூச்சி நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர். தெருவெல்லாம் கல் குவியல், இடிபாட்டுக் குப்பை, ஜல்லி சுமந்து வரும் கோவேறு கழுதைகள், நடக்க வழியில்லை, தூசி, வேடிக்கை பார்க்க வரும் கூட்டம், கடைக்காரர்களாகிய எங்களுக்குத்தான் தொல்லை என்று குறைபட்டுக்கொள்கிறார். மெட்ரோ வேலை நடக்கும் தெருவில் கடை வைத்திருப்பவர் யாரிடம் கேட்டாலும் இதே பட்டியல் கிடைக்கும்.

கட்டடத்தை வடிவமைத்தது யார் என்பதில் இன்றும் ஒரே பதில் இல்லை. மரத்தில் மாதிரி செய்து கொடுத்தவர் ஜூலியானோ தா சங்காலோ; அந்த மர மாதிரி இன்றும் இருக்கிறது. மூல வடிவம் பெனெதெத்தோ தா மையானோவுடையது என்று, 16ஆம் நூற்றாண்டில் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்த வாசாரி எழுதினார். கட்டுமானத்தை முன்னின்று நடத்தி, உள்முற்றத்தையும் அந்தப் புகழ்பெற்ற கார்னிஸையும் செய்தவர் சிமோனே தெல் பொல்லாயோலோ. ரோமில் பழைய கட்டடங்களை அளந்துவிட்டு வந்து ஓயாமல் அவற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் ஊரார் அவருக்கு 'க்ரோனாகா', அதாவது வரலாற்றுக் குறிப்பேடு, என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், வடிவமைப்பாளர் என்று ஒரே பெயரைத் தேடுவதே இந்தக் காலத்துப் பழக்கம். முதலாளி, தச்சர், கல்தச்சர், மேஸ்திரி எல்லோரும் சேர்ந்து களத்திலேயே முடிவெடுத்த காலம் அது.

வெளிச்சுவரைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது கல். 'பியத்ரா ஃபோர்தே' என்று அழைக்கப்படும், பழுப்பு மஞ்சள் நிறமுள்ள உள்ளூர் மணற்கல். ஒவ்வொரு கல்லின் முகமும் தலையணை போல உப்பலாகச் செதுக்கப்பட்டிருக்கும். மாடி ஏற ஏற அந்த உப்பல் குறைந்துகொண்டே போகும். தரைத்தளத்தில் உயரத்தில் சிறு சதுரச் சன்னல்கள் மட்டும். தெருவிலிருந்து யாரும் உள்ளே பார்க்க முடியாது. கோட்டை மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். கோட்டையின் நினைவை வைத்துக்கொண்ட வீடு அது. ஆனால் சுவரின் அடியில், தெருவை ஒட்டி, நீளமாக ஒரு கல் திண்ணை ஓடுகிறது. ஆதரவு கேட்டு வந்தவர்களும் வழிப்போக்கர்களும் உட்கார்ந்து காத்திருக்கும் இடம். புளோரன்ஸின் பெரிய வீடுகள் பலவற்றில் இந்தத் திண்ணை உண்டு. எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதிலும் வீட்டுக்காரரின் செல்வாக்கு தெரியும்.

மூலைகளில் இருக்கும் இரும்பு விளக்குகளையும் சுவரில் உள்ள குதிரை வளையங்களையும் தவறவிடக் கூடாது. செய்தவர் நிக்கோலோ க்ரோஸ்ஸோ என்ற கொல்லர். முன்பணம் வாங்காமல் சுத்தியலைத் தொடமாட்டார் என்பதால் ஊரார் அவரை 'கபார்ரா' என்றே அழைத்தார்கள். அட்வான்ஸ் என்று பொருள். வாசாரி சொல்லும் கதை: எரிகிற கணக்குப் புத்தகங்களைக் கடைப் பலகையில் வரைந்து வைத்திருப்பாராம். கடன் கேட்டு வந்தால் அதைக் காட்டுவாராம். லோரென்சோ மெடிசியே நேரில் வந்து வேலை கொடுத்தபோதும், முன்பணம் கொடுத்துவிட்டுப் போன ஏழைகளின் வேலை முதலில், உங்களுடையது அப்புறம் என்று சொல்லிவிட்டாராம். முன்னால் ஃபிலிப்போ பல ஆண்டுகள் சூழ்ச்சி செய்து சமாளித்த அதே லோரென்சோவிடம்!

உள்ளே போனால் ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. இவ்வளவு பெரிய கட்டடத்தில் அறைகள் மிகக் குறைவு. கூரை எங்கேயோ உயரத்தில் இருக்கும், கூடம் பிரம்மாண்டமாக இருக்கும். ஆனால் ஊரே வசிக்கும் அளவு பெரிய கல் பெட்டிக்குள் இருப்பது ஒன்றிரண்டு குடும்பங்களுக்கான வீடு. பழைய வணிகர் வீடுகளில் கீழே கடை, மேலே சொந்தக்காரர், பக்கத்தில் பங்காளிகள் என்று எல்லாம் கலந்து இருக்கும். இங்கே கடை இல்லை, வாடகை இல்லை, வருமானம் ஒரு காசு இல்லை. ஃபிலிப்போ தன் செல்வத்தில் ஒரு பெரிய பங்கை, மொத்தத்தில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் ஃப்ளோரின் அளவுக்கு, திரும்பி வராத முதலீட்டில் போட்டார். வட்டிக் கணக்கில் வளர்ந்த ஒரு வங்கியாளர் செய்கிற காரியமா இது? ஆனால் அவர் வளர்ந்த வீட்டில் ரொக்கத்தை வரி தின்றது, நிலத்தை வரிக்காக விற்க வேண்டி வந்தது. தெரு நடுவில் நிற்கும் இத்தனை பெரிய கல்லை யாரும் சத்தமில்லாமல் எடுத்துப்போக முடியாது என்று அவர் நினைத்திருந்தால் வியப்பில்லை.

அடிக்கல் நாட்டி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை, 1491 மே மாதம் ஃபிலிப்போ இறந்தார். கட்டடம் அப்போது தரைத்தளத்தைத் தாண்டவில்லை. எதிர்க்கடை லாந்தூச்சி அன்றைக்கும் எழுதினார்: இந்த அரண்மனை ஏறக்குறைய என்றென்றைக்கும் நிற்கும், ஆனால் இதைக் கட்டியவர் அதற்கு எஜமானராக இருந்தாரா, அல்லது அது அவருக்கு எஜமானராக இருந்ததா என்ற பொருளில்.

சாவதற்கு முன்பே ஃபிலிப்போ உயிலில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். வாரிசுகள் ஐந்து ஆண்டுக்குள் கட்டி முடிக்க வேண்டும். தவறினால் லோரென்சோ மெடிசியே பொறுப்பேற்றுக் கட்ட வைக்க வேண்டும். அதே லோரென்சோ! அவருடைய யோசனை என்று ஒரு காலத்தில் நம்ப வைத்ததை, இப்போது அவர் கடமையாகவே ஆக்கிவிட்டார். (லோரென்சோ அடுத்த ஆண்டே இறந்துவிட்டார், அது வேறு.) வீடு குடும்பத்துக்கு வெளியே போகக் கூடாது என்பதும் நிபந்தனை. பாதி மூத்த மனைவி ஃபியாமெத்தாவின் மகன் அல்ஃபோன்சோவுக்கு. மறு பாதி இரண்டாவது மனைவி செல்வாஜ்ஜாவின் மகன்கள் லோரென்சோவுக்கும் சின்ன ஃபிலிப்போவுக்கும். கட்டடம் நடுவில் கோடு போட்டால் இரண்டு வீடாகப் பிரியும்படியே, இருபுறமும் தனித்தனிப் படிக்கட்டோடு அமைந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே குடும்பம், ஒரே முகம், உள்ளே பாகப்பிரிவினை.

மேலே அண்ணாந்து பார்த்தால் உச்சியில் கார்னிஸ் பாதி சுற்றி வந்து நின்றுவிட்டது தெரியும். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடிபுகும் அளவுக்கு வீடு தயாரானது. அதற்குப் பிறகு முழுமையாக்க யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. அந்தக் குறை ஐந்நூறு ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது.

அடுத்த தலைமுறையின் கதை எல்லாம் சின்ன ஃபிலிப்போவைச் சுற்றித்தான். அடிக்கல் நாட்டிய அதே 1489இல் பிறந்தவர். 1508இல் அவர் யாரைக் கல்யாணம் செய்தார் தெரியுமா? கிளாரிச்சே மெடிசியை. அப்போது மெடிசிகள் ஊரைவிட்டு விரட்டப்பட்டிருந்தார்கள். விரட்டப்பட்ட குடும்பத்தில் பெண் எடுத்ததற்காக நகர அரசு அவருக்கு அபராதம் போட்டது. ஸ்ட்ரோட்சி ஒருவர் மெடிசிகளோடு சேர்ந்ததற்காகத் தண்டனை வாங்கும் அளவுக்குச் சக்கரம் சுழன்றிருந்தது. சூதாட்டம் நன்றாகவே பலித்தது. மெடிசிகள் 1512இல் திரும்பினார்கள். அவர்களில் இருவர், பத்தாம் லியோவும் ஏழாம் கிளெமென்டும், போப் ஆனார்கள். இரண்டு பேருக்கும் வங்கியாளர் சின்ன ஃபிலிப்போ. அப்பா சேர்த்ததெல்லாம் சில்லறை என்று சொல்லும்படி பணம் குவிந்தது.

கிளாரிச்சேயைப் பற்றி ஒரு வார்த்தை. பிற்காலத்தில் பிரான்சின் அரசியான கத்தரீனா மெடிசிக்கு அவர் அத்தை. தாய் தந்தையற்ற அந்தக் குழந்தையை வளர்த்தவர்களில் ஒருவர். 1527இல் மெடிசிகளின் ஆட்சி ஆட்டம் கண்டபோது நேரே அவர்கள் அரண்மனைக்குப் போய், ஆண்டுகொண்டிருந்த இப்போலித்தோவையும் அலெஸ்ஸாந்த்ரோவையும் முகத்துக்கு நேரே திட்டி, ஊரைவிட்டுப் போகச் சொன்னவர். மறு ஆண்டு இறந்துவிட்டார். அவர் இருந்தவரை இரண்டு குடும்பங்களுக்கும் இடையில் ஒரு கட்டு இருந்தது என்று நினைக்கிறேன்.

பிறகு அலெஸ்ஸாந்த்ரோ மெடிசி புளோரன்ஸின் முதல் டியூக் ஆனார். ஊரை அடக்கி வைக்க ஃபோர்தெட்சா தா பாஸோ என்ற பெரிய கோட்டை கட்டினார். அதற்குக் கடன் கொடுத்தவர்களில் சின்ன ஃபிலிப்போவும் ஒருவர். சீக்கிரமே உறவு கசந்தது. 1534இல் அவருடைய மகள் லூயிசா திடீரென இறந்தாள்; விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஊர் பேசியது. ஃபிலிப்போ வெளியேறி, டியூக்குக்கு எதிரானவர்களின் தலைவர் ஆனார். 1537 தொடக்கத்தில் அலெஸ்ஸாந்த்ரோவை அவர் உறவினனே குத்திக் கொன்றான். பழைய கோசிமோவின் பெயரையே கொண்ட, பதினேழே வயதான இன்னொரு கோசிமோ மெடிசி பதவிக்கு வந்தார். சின்னப் பையன், எளிதில் தள்ளிவிடலாம் என்று வெளியேறியவர்கள் படை திரட்டி வந்தார்கள். 1537 ஆகஸ்ட் தொடக்கத்தில் மோந்தேமுர்லோவில் மொத்தமும் முடிந்தது. ஃபிலிப்போ பிடிபட்டார்.

அடைத்த இடம், அவர் கடன் கொடுத்துக் கட்டிய அதே ஃபோர்தெட்சா தா பாஸோ. சித்திரவதையும் நடந்தது. 1538 டிசம்பரில் சிறையிலேயே இறந்தார். தற்கொலை என்று அறிவிக்கப்பட்டது; கொன்றுவிட்டார்கள் என்று நம்பியவர்களும் உண்டு. அவர் விட்டுச் சென்றதாகச் சொல்லப்படும் கடிதத்தில் வெர்ஜிலின் காவியத்தில் டைடோ சாகும்போது இடும் சாபம் இருந்தது: என் எலும்புகளிலிருந்து பழிவாங்கும் ஒருவன் எழட்டும். அரண்மனையை கோசிமோ பறிமுதல் செய்தார். யாராலும் எடுத்துப்போக முடியாது என்று பெரியவர் நினைத்த வீட்டை எடுத்துக்கொள்ள ஒரு கையெழுத்துப் போதுமானதாக இருந்தது.

சாபம் பலிக்கத்தான் பார்த்தது. மகன்கள் பிரான்சில் அடைக்கலம் புகுந்தார்கள். அங்கே அத்தை வளர்த்த கத்தரீனா இருந்தார். மூத்தவர் பியரோ பிரான்சின் மார்ஷல் ஆனார். 1554 ஆகஸ்ட் 2இல் சியெனாவைக் காக்க கோசிமோவின் படையோடு மார்ச்சியானோவில் மோதித் தோற்றார். நான்கு ஆண்டு கழித்து தியோன்வில் முற்றுகையில் குண்டு பட்டுச் செத்தார். தம்பி லியோனே கடற்படைத் தளபதி. அவரும் 1554இல் போரில் இறந்தார். இன்னொரு தம்பி கர்தினால். பியரோவின் மகன் இன்னொரு ஃபிலிப்போ, பிரெஞ்சுக் கப்பற்படையை நடத்திக்கொண்டு போய் 1582இல் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே உயிர்விட்டார். புளோரன்ஸில் வீடு கட்டிய குடும்பத்தின் பிரபலமான பேரன்களில் ஒருவரும் அந்த வீட்டில் நிலைத்து வாழவில்லை.

வீடு 1568இல் ஸ்ட்ரோட்சிகளுக்குத் திரும்பி வந்தது. மெடிசிகள் அசைக்க முடியாத டியூக்குகளாகிவிட்டார்கள். அந்த நிலையில் ஒரு பழைய குடும்பத்துக்கு வீட்டைத் திருப்பிக் கொடுப்பதால் எந்த ஆபத்தும் இல்லை. அதற்குப் பிறகு வந்த மூன்றரை நூற்றாண்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குடும்பத்துக்குப் பட்டங்கள் வந்தன, திருமணங்கள் நடந்தன, பழுதுபார்ப்புகள் நடந்தன. மெடிசி வம்சம் 1737இல் ஆண் வாரிசின்றி முடிந்தது. அவர்கள் சொந்த அரண்மனையையோ 1659இலேயே ரிக்கார்தி குடும்பத்துக்கு விற்றுவிட்டார்கள். அதை வைத்துப் பார்த்தால் ஸ்ட்ரோட்சிகள் 1937 வரை தாக்குப்பிடித்ததை வெற்றி என்றே சொல்லலாம். அந்த ஆண்டு கட்டடம் அரசு சார்ந்த காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. குடும்பத்துக்கு வெளியே போகக் கூடாது என்ற உயில் நாலரை நூற்றாண்டு நின்றது. எந்த வழக்கறிஞரும் பெருமைப்படலாம்.

காப்பீட்டு நிறுவனம் பெரிய மராமத்து செய்தது. 1940 முதல் வியூசோ என்ற பழைய நூலக நிறுவனம் இங்கே குடியேறியது. 1949இல் பெக்கி குகன்ஹைம் தன் நவீன ஓவியத் தொகுப்பை நிலவறையில் காட்சிக்கு வைத்தார். 1966 நவம்பரில் ஆர்னோ ஆறு ஊருக்குள் புகுந்தபோது நூலகத்தின் புத்தகங்கள் பெருமளவில் சேற்றில் மூழ்கின. 1999இல் கட்டடம் அரசுக்குப் போய், நகராட்சியின் பொறுப்பில் வந்தது. 2006 முதல் ஓர் அறக்கட்டளை இங்கே கண்காட்சிகள் நடத்துகிறது: மரீனா அப்ரமோவிச், ஜெஃப் கூன்ஸ், அனீஷ் கபூர் என்று பெரிய பெயர்கள்.

அவற்றில் ஒன்று பெரிய சர்ச்சையானது. 2016இல் சீனக் கலைஞர் ஐ வெய்வெய், மத்தியதரைக் கடலைக் கடக்கும் அகதிகளின் நினைவாக 22 ஆரஞ்சு நிற ரப்பர் படகுகளை முகப்புச் சன்னல்களில் மாட்டினார். மறுமலர்ச்சிக் கட்டடத்தை அசிங்கப்படுத்திவிட்டார் என்று ஊரில் பலர் கொதித்தார்கள். ரசனையைப் பற்றி விவாதிக்கலாம். எனக்கும் அந்த ஆரஞ்சு நிறம் கண்ணை உறுத்தியது. பொருத்தத்தைப் பற்றி மட்டும் விவாதத்துக்கு இடமில்லை. நாடுகடத்தப்பட்டு வேற்றூரில் செத்த ஒருவரின் மகன் கட்டிய சுவர் அது; நாடுகடத்தப்பட்டவர்களின் தலைவராகவே பிடிபட்டுச் செத்தார் அவர் மகனும்.

புளோரன்ஸ் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கண்காட்சிக்குத்தான் டிக்கெட், உள்முற்றத்துக்குள் சும்மாவே போய் வரலாம். தெருவிலிருந்து மூன்று பிறைநிலாக்களைத் தேடுங்கள். அது ஸ்ட்ரோட்சி சின்னம். கட்டடத்தின் அலங்காரங்களில் அது திரும்பத் திரும்ப வரும். கார்னிஸ் எங்கே நின்றுபோனது என்று பார்க்கத் தெருவின் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். அப்புறம் பத்து நிமிடம் நடந்தால் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயம். அங்கே ஃபிலிப்பினோ லிப்பி 1502இல் வரைந்து முடித்த சுவரோவியங்களுக்கு நடுவே, பெனெதெத்தோ தா மையானோ செதுக்கிய கருப்புக் கல்லறையில் பெரிய ஃபிலிப்போ இருக்கிறார்.